அடைக்கோழி எழுந்து போகும் நேரம்: பறவை மூளையில் வெளிச்சம் செய்யும் வேலை

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் நகரப் பூங்காவில் காலை ஏழரை மணிக்கெல்லாம் கோழிகள் புல்வெளிக்கு வந்துவிடுகின்றன. யாரும் வளர்க்காத, யாருக்கும் சொந்தமில்லாத கோழிகள். தாய் முன்னால் நடந்து சருகைக் காலால் கிளறிவிடும். குஞ்சுகள் அந்த இடத்தை மொய்த்துக்கொள்ளும். ஒரே ஒரு குஞ்சை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்று புலப்படும். ஆர்வம் வந்தால் அது முகத்தை நேரே திருப்புவதில்லை, பக்கவாட்டில் திருப்புகிறது. தரையில் கிடப்பது என்ன என்று ஒரு கண்ணால் ஆராய்கிறது. மேலே நிழல் ஓடினால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை வானத்துக்குக் கொடுக்கிறது.

காக்கைக்கு இரண்டு கண்ணுக்கும் மணி ஒன்றுதான், அதுவே அங்கும் இங்கும் ஓடுகிறது என்று தமிழர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். பழைய பாடல்களிலும் அந்த நம்பிக்கை உவமையாக வருகிறது. உடற்கூற்றின்படி அது தவறு. ஆனால் அந்த நம்பிக்கைக்குக் காரணமான கவனிப்பு தவறில்லை: பறவை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கண்ணைக் கொண்டே உலகை ஆராய்கிறது. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் அதற்கு மேல் இரண்டு உண்மைகளைச் சேர்த்திருக்கின்றன. இரண்டு கண்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது முதலாவது. இரண்டாவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. எந்தக் கண்ணுக்கு எந்த வேலை என்ற பங்கீட்டில் ஒரு பகுதி, குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே, ஓட்டைத் தாண்டி உள்ளே விழும் வெளிச்சத்தால் முடிவாகிறது.

பறவையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து பார்க்கும் பரப்பு முன்னால் ஒரு சிறு துண்டுதான். மனிதனில் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் நரம்பிழைகள் பிரிந்து மூளையின் இரு பக்கங்களுக்கும் போகின்றன. பறவையில் அவை ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன. வலக்கண் பார்ப்பது முதலில் இடப்பக்க மூளைக்கும், இடக்கண் பார்ப்பது வலப்பக்க மூளைக்கும் சேர்கிறது. நம் மூளையின் இரு அரைக்கோளங்களை இணைக்கும் பெரிய நரம்புப் பாலமும் பறவைக்கு இல்லை. சிறிய இணைப்புகளே உண்டு. ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய வசதி. ஒரு கண்ணை மூடிவிட்டால் மூளையின் ஒரு பாதியிடம் மட்டும் கேள்வி கேட்டது போல ஆகிவிடும். அறுவை வேண்டாம், சிறு மூடி போதும்.

இருந்தும் இந்தக் கேள்வியைக் கேட்க விஞ்ஞானம் தாமதித்தது. 1860களில் மருத்துவர் பால் புரோக்கா பிரான்சில் பேச்சுத்திறனை மூளையின் இடப்பக்கத்தோடு இணைத்துக் காட்டியதிலிருந்து, இடமும் வலமும் வெவ்வேறாக இயங்குவது மனிதனுக்கு மட்டுமே உரிய பெருமை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. மொழி இருப்பதால் பிரிவு, பிரிவு இருப்பதால் மொழி என்று வாதம் வட்டமிட்டது. 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர் ஃபெர்னாண்டோ நோட்டபோம் பாடும் பறவைகளில் குரலுறுப்புக்குப் போகும் இடப்பக்க நரம்பை வெட்டியபோது பாட்டின் பெரும்பகுதி அழிந்தது. வலப்பக்க நரம்பை வெட்டியபோது இழப்பு மிகக் குறைவு. அந்தப் பெருமையில் விழுந்த முதல் பெரிய விரிசல் அது.

அடுத்தது கோழிக்குஞ்சிடமிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் லெஸ்லி ரோஜர்ஸ் 1979இல் தம் சக ஆய்வாளருடன் வெளியிட்ட சோதனையில், இரண்டு நாள் வயதுக் குஞ்சுகளின் மூளையில் ஒரு பக்கத்தில் மட்டும் புரத உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்து செலுத்தப்பட்டது. பிறகு அந்தக் குஞ்சுகளைத் தானியம் தூவிய சிறுகற்களின் மேல் விட்டார்கள். தானியங்களின் அளவிலேயே கற்கள்; அவை அசையாதபடி தரையில் ஒட்டப்பட்டிருந்தன. நல்ல நிலையில் உள்ள குஞ்சு முதலில் கல்லையும் கொத்தும், தானியத்தையும் கொத்தும். சில பத்துக் கொத்துகளுக்குள் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு தானியத்தை மட்டும் பொறுக்கத் தொடங்கிவிடும். இடப்பக்கத்தில் மருந்து பெற்றவற்றால் அது முடியவில்லை. வலப்பக்கத்தில் பெற்றவை வழக்கம்போல் கற்றுக்கொண்டன.

அரிசியில் கல் பொறுக்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சோதனையை விளக்கவே வேண்டாம். முறத்தின் முன் உட்கார்ந்து அம்மாக்கள் செய்த அதே வேலைதான். பின்னர் கண்ணை மூடிச் செய்த சோதனைகளும் இதையே காட்டின. வலக்கண் திறந்திருக்கும் குஞ்சு கல்லையும் தானியத்தையும் விரைவாகப் பிரித்தறிகிறது. இடக்கண் மட்டும் திறந்திருக்கும் குஞ்சு தடுமாறுகிறது. ஆனால் இடக்கண்ணுக்கு வேறு திறன்கள் உண்டு. புதிய பொருளைக் கண்டு சுதாரிப்பது, இடங்களின் அமைப்பை உணர்வது, வானத்தில் வரும் பருந்தைக் கவனிப்பது ஆகியவற்றில் அதுவும், அது சென்று சேரும் வலப்பக்க மூளையும் முன்னிற்கின்றன.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு சுவையான செய்தி, அவ்வளவுதான். ரோஜர்ஸ் அடுத்துக் கேட்ட கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது?

கோழி முட்டை பொரிக்க 21 நாள். கடைசி நாட்களில் கருவுக்கு முட்டைக்குள் இடம் போதாது. உடலை மடக்கிக்கொண்டு கிடக்கும். அந்த மடக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தலை இடப்பக்கமாகத் திரும்பியிருக்கும். இடக்கண் தன் உடலின் மேலேயே அழுந்தி மூடப்பட்டிருக்கும். வலக்கண் வெளிப்புறம், காற்றறையின் சவ்வையும் ஓட்டையும் பார்த்தபடி இருக்கும். முட்டை ஓடு பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும் ஒளியை முழுவதும் தடுப்பதில்லை. கரு பிடித்திருக்கிறதா, கூழாகிவிட்டதா என்று முட்டையை விளக்கின் முன் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆக, கருவின் பார்வைப் பாதைகள் வேலை செய்யத் தொடங்கும் அந்த நாட்களில், வெளிச்சம் ஒரு கண்ணுக்குக் கிடைக்கிறது, மற்றதற்குக் கிடைப்பதில்லை.

1982இல் ‘நேச்சர்’ இதழில் ரோஜர்ஸ் இந்தக் கண்ணியைப் பிடித்தார். இருட்டிலேயே அடைவைத்துப் பொரித்த குஞ்சுக் கூட்டத்தில், வெளிச்சம் கண்ட கூட்டத்தில் தெளிவாகத் தெரிந்த இடவல வேறுபாடு தென்படவில்லை. கடைசி நாட்களில் வெளிச்சம் காட்டினால் அது தோன்றியது. நாள் முழுவதும் விளக்கெரிய வேண்டியதுமில்லை. இரண்டு மணி நேரம்கூடப் போதுமானதாக இருந்தது.

இதை ஒருவர் மறுக்கலாம். வெளிச்சம் பட்டதும் ஏற்கெனவே உள்ளே எழுதிவைத்திருந்த ஒன்று விழித்துக்கொண்டது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை 1990இல் வெளிவந்தது. பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன், முட்டையின் ஓட்டைத் திறந்து கருவின் தலையை மெல்ல வெளியே எடுத்து, வலக்கண்ணை மூடி, இடக்கண்ணுக்கு வெளிச்சம் காட்டினார் ரோஜர்ஸ். அந்தக் குஞ்சுகள் பிறந்து வளர்ந்தபோது வேலைப் பங்கீடு தலைகீழாக மாறியிருந்தது. கல்லையும் தானியத்தையும் பிரித்தறிவதில் இடக்கண் கெட்டிக்காரக் கண்ணாகிவிட்டது. உள்ளே எழுதியிருந்தது விழித்துக்கொண்டது மட்டும் என்றால், தவறான கண்ணுக்கு வெளிச்சம் காட்டியபோது எழுத்தே இடம் மாறியிருக்காது.

இதை முதன்முதலில் படித்தபோது நான் நெடுநேரம் மேலே படிக்காமல் இருந்தேன். மரபணு கோழிக்கு மூளைப் பிரிவின் முழு வரைபடத்தையும் கொடுத்துவிடவில்லை. தலையை எந்தப் பக்கம் திருப்பிப் படுப்பது என்ற ஒரு நிலையைக் கொடுத்தது. மிச்சத்தைச் சூரியனிடம் விட்டது. ஒவ்வொரு தலைமுறையும் காலையில் சூரியன் உதிக்கும், ஓடு ஒளியை உள்ளே விடும், தாய் முட்டையை விட்டு அவ்வப்போது எழுந்து போவாள் என்ற உறுதியின் மேல் இந்தக் கட்டுமானம் நிற்கிறது.

வெளிச்சம் மூளைக்குள் என்ன செய்கிறது? வலக்கண் தூண்டப்படும்போது அதோடு இணைந்த பாதையின் நரம்பணுக்கள் அதிகம் இயங்குகின்றன; இயங்குபவை அதிகக் கிளைகளை விடுகின்றன. கண்ணிலிருந்து தாலமஸ் (புலன் செய்திகளை வாங்கி மேலே அனுப்பும் மூளைப் பகுதி) வழியாக முன்மூளைக்குப் போகும் பாதையில் இது தெளிவாகத் தெரியும். வலக்கண்ணிலிருந்து செய்தி பெறும் இடத் தாலமஸ், எதிர்ப்பக்க முன்மூளைக்கும் நிறைய இழைகளை அனுப்புகிறது. இடக்கண்ணுக்கு உரிய வலத் தாலமஸ் அவ்வளவு அனுப்புவதில்லை. கோழிக்குஞ்சில் இந்த இழை வேறுபாடு நிரந்தரமில்லை. பிறந்து மூன்று வாரங்களில் மங்கிவிடுகிறது. அந்த மூன்று வாரம்தான் குஞ்சு எதைத் தின்னலாம், எதற்குப் பயந்து ஓடவேண்டும் என்று கற்றுக்கொள்ளும் காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? மூளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் என்ன குறைந்துவிடும்? இதற்குப் பதிலாக எனக்கு மிகவும் பிடித்தது 2004இல் ரோஜர்ஸ், பாலோ சுக்கா, ஜோர்ஜியோ வல்லோர்த்திகாரா மூவரும் செய்த சோதனை. குஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தார்கள். தரையில் கற்களிடையே தானியம் பொறுக்க வேண்டும். தலைக்கு மேலே பருந்து வடிவ அட்டை ஒன்று நகரும், அதையும் கவனிக்க வேண்டும். முட்டையில் வெளிச்சம் கண்ட குஞ்சுகள் இரண்டையும் சமாளித்தன. தானியமும் பொறுக்கின, பருந்தையும் கண்டுகொண்டன. இருட்டில் பொரித்தவை பருந்தைக் கண்டுகொள்வதில் பின்தங்கின. மேலே அட்டை நகர நகர, தானியம் பொறுக்குவதிலும் குழம்பின. ஒரு வேலையை மட்டும் கொடுத்தபோது இந்த வேறுபாடு இல்லை என்பதுதான் முக்கியம். ஆகவே அவை மந்தமான குஞ்சுகள் அல்ல. வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்க அவற்றின் மூளைக்கு வழியில்லை.

இந்த ஆய்வு வரிசையில் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பதைச் சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. இலங்கை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தர்மரத்தினம் ரோஜர்ஸுடன் இணைந்து 2005இல் வெளியிட்ட ஆய்வும், பிரிவு வலுவாக உள்ள குஞ்சுகளையும் பலவீனமான குஞ்சுகளையும் இரட்டை வேலையில் ஒப்பிட்டதுதான். மட்டக்களப்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் உலகின் நரம்பியல் இதழ் ஒன்றில் கோழிக்குஞ்சின் வழியாக இடம்பெற்றிருக்கிறது.

தனிக்குஞ்சோடு இது முடிவதுமில்லை. வெளிச்சம் கண்ட குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால், யார் முதலில் தின்பது என்ற அடுக்கு விரைவில் நிலைபெற்று அதிகம் மாறாமல் இருக்கிறது. இருட்டில் பொரித்த கூட்டத்தில் அந்த அடுக்கு அடிக்கடி குலைகிறது. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று மற்றவரால் ஊகிக்க முடியும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடந்துபோகும் மாடப்புறா இதே கதையை வேறு விதமாகச் சொல்கிறது. புறாவின் கருவும் முட்டைக்குள் தலையை அதே பக்கம்தான் திருப்பிக்கொள்கிறது. ஆனால் கோழிக்குஞ்சு கண்ணைத் திறந்துகொண்டு பிறக்கும்; புறாக்குஞ்சு கண்மூடி, ஒன்றும் செய்ய இயலாத நிலையில் பிறக்கும். அதன் பார்வைப் பாதைகள் பிறந்த பிறகும் நெடுநாள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் அதற்கு அவகாசம் அதிகம். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தில் ஒனூர் குந்துர்குனும் மார்ட்டினா மான்ஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த புறாக்குஞ்சுகளின் வலக்கண்ணைப் பத்து நாள் மூடிவைத்தார்கள். வளர்ந்து பெரிதான பிறகும் அந்தப் புறாக்களில் இடக்கண் மேலோங்கியிருந்தது. மூளையின் நரம்பணுக்களின் அளவிலேயே மாற்றம் தெரிந்தது. கோழியில் வாரங்களில் மங்கும் வேறுபாடு புறாவில் வாழ்நாள் அமைப்பாக நிலைக்கிறது. அது குடியிருக்கும் பாதையும் வேறு: புறாவில் நடுமூளை வழியாகச் செல்லும் பார்வைப் பாதையில்தான் முக்கிய வேறுபாடு, அங்கே இடப்பக்க மூளை இரு கண்களின் செய்தியையும் கூடுதலாகப் பெறுகிறது. மூளையில் ஒரே விளைவுக்கு இயற்கை இரண்டு வழி வைத்திருக்கிறது.

போஹும் நகரிலிருந்து 2012இல் வந்த இன்னொரு முடிவை நான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். மான்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் புறாவின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தொடர்வரிசையின் ஒரு பகுதியை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். எது எதைவிட மேல் என்ற செய்தியில் ஒரு துண்டு இடக்கண்ணிடம், மறு துண்டு வலக்கண்ணிடம். இரண்டையும் சேர்த்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும். முட்டையில் வெளிச்சம் கண்ட புறாக்கள் சேர்த்தன. இருட்டில் பொரித்த புறாக்களால் சேர்க்க முடியவில்லை. ஒரு பக்கத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த வெளிச்சம், இரண்டு பக்கங்களும் பேசிக்கொள்ளும் வழியையும் திறந்துவிட்டிருக்கிறது.

இதனால்தான் நம் ஊரில் துணைப்பாட நிலையங்களின் விளம்பரங்களில் ‘வலது மூளைப் பயிற்சி’ என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் மகன் பாலர் பள்ளியில் இருந்தபோது அப்படி ஓர் இடத்தில் சேர்த்துப் பணம் கட்டியவன் நான். அதனால் பெற்றோரின் ஆசை எனக்குப் புரியும். ஆனால் பறவைகள் காட்டுவது நேர்மாறானது. ஒரு பாதியைத் தனியே வளர்த்ததால் எந்தக் குஞ்சும் மேலானதாக ஆகவில்லை. வேலை பிரிந்ததும், பிரிந்த இரண்டும் ஒன்றுசேர்ந்ததும்தான் பயன் தந்தன. மனிதக் குழந்தை முட்டைக்குள் வளர்வதில்லை, அதன் பார்வை நரம்புகள் முழுதாகக் கடப்பதுமில்லை. எனவே கோழி ஆய்விலிருந்து குழந்தை வளர்ப்புக்கு நேர்க்கோடு போடுவது எந்தத் திசையிலும் பிழை.

வெளிச்சத்துக்கும் எல்லை உண்டு என்று சொல்லியாக வேண்டும். இருட்டில் பொரித்த குஞ்சுகளிலும் சில பிரிவுகள் இருக்கவே செய்கின்றன. தெரிந்த துணையையும் தெரியாத துணையையும் பிரித்தறிவதில் உள்ள இடவல வேறுபாடு வெளிச்சம் இன்றியும் தோன்றுகிறது. தாய்க்கோழியின் உடல்நிலைக்கும் இதில் பங்கு உண்டு. முட்டையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவோ, பதற்றத்தின்போது சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் அளவோ உயர்ந்தால், வெளிச்சம் கிடைத்தாலும் பார்வைப் பாதைகளின் வேறுபாடு உருவாவது தடைபடுகிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதோ மரபணுவின் பொறுப்பு. இதயத்தை இடப்பக்கம் வைக்கும் அதே அடிப்படை அமைப்போடு அது சேர்ந்தது. மரப்பொந்தின் இருட்டில் முட்டையிடும் காக்கட்டூக்களையும் நினைத்துப் பார்க்கலாம். அப்படியிருந்தும் ஆஸ்திரேலியாவின் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக்களில் பெரும்பாலானவை இரையை இடக்காலால்தான் பிடிக்கின்றன. சிங்கப்பூர் மரங்களில் கூச்சலிடும் வெள்ளைக் காக்கட்டூக் கூட்டங்களைப் பார்க்கும்போது எந்தக் கால் மேலே போகிறது என்று கவனிப்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

செயற்கை அடைகாப்பானில் முட்டை பொரிப்பவர்களுக்கு இதில் நேரடியான செய்தி இருக்கிறது. அடைகாப்பான் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சீராக வைத்திருக்கும், முட்டையைத் திருப்பிவிடும். ஆனால் வழக்கமாக உள்ளே இருட்டு. கூண்டில் கவலையின்றித் தீனி தின்னப்போகும் பறவைக்கு அது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். அருகிவரும் பறவையைப் பெருக்கிக் காட்டில் விடுவதற்காகப் பொரிக்கும்போது நிலைமை வேறு. அங்கே ஒரு கண்ணால் இரையையும் மறு கண்ணால் பருந்தையும் பார்க்கத் தெரிந்திருப்பது உயிர் பிழைக்கும் விஷயம். கடைசி நாட்களில் சில மணி நேரம் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

என் அத்தை செம்பவாங்கில் கம்பத்து (கிராமத்து) வீட்டில் கோழி வளர்த்தவர். அடுக்குமாடிக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்தக் கோழிகளைப் பற்றிப் பேச அவருக்குப் பிடிக்கும். இந்த ஆய்வுகளைச் சொன்னபோது கவனமாகக் கேட்டார்.

“அடைக்கோழி நாள் முழுக்க முட்டை மேலேயே உட்கார்ந்திருக்கும் என்று நீ நினைக்கிறாயா? இரைக்கு எழுந்து போகும். தின்றுவிட்டு, மண்ணில் புரண்டுவிட்டுத்தான் திரும்பி வரும். அதற்குள் முட்டை ஆறிவிடுமே என்று சின்ன வயதில் எனக்குப் பயமாக இருக்கும்.”

“அந்த நேரத்தில்தான் அத்தை வெளிச்சம் விழுகிறது.”

“கூடை மேல் நான் சாக்கைப் போட்டு மூடிவிடுவேன். எங்கள் அம்மா வந்து எடுத்துவிடுவார்கள். கோழிக்குத் தெரியும், விடு என்பார்கள்.”

இதை எழுதுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரையும் பாசிர் ரிஸ் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். கால்கள் சாம்பல் நிறமாகவும் காதோரம் வெண்மையாகவும் இருந்தால் அது காட்டுக்கோழியின் சாயல் என்று நான் காட்ட, அவர் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு. மரங்களுக்கு மேலே செம்பருந்து ஒன்று கடற்கரைப் பக்கமாகத் தாழப் பறந்துபோனது. தாய்க்கோழி கிளறுவதை நிறுத்தித் தலையைச் சாய்த்தது. மேலே பார்த்தது இடக்கண். ஒரு கோழியின் ஒரு பார்வை எதற்கும் சான்றாகாது. எனக்கு அது தெரியும். குஞ்சுகள் ஆறும் அதன் இறக்கைக்குள் நுழைந்து மறைந்தன. பருந்து போகும்வரை அந்தத் தலை சாய்ந்தபடியே இருந்தது.